ஆற்றில் இறங்க ஒரு வேடர்ஸ்: வாங்குமுன் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஒன்ராறியோ ஏரியில் வந்து விழும் கிரெடிட், ஹம்பர், டஃபின்ஸ், கனரஸ்கா போன்ற ஆறுகளில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை சினூக் சால்மன் ஏறும். அதன் பின்னால் ஸ்டீல்ஹெட் ட்ரவுட் வரத் தொடங்கி வசந்தம் வரை நிற்கும். ரொறன்ரோப் பக்கத்துத் தமிழர் பலர் இந்த மீன்களுக்காகத் தூண்டிலோடு ஆற்றில் இறங்குகிறார்கள். அவர்கள் அதிகம் காசு விட்டு ஏமாறும் சாமான் வேடர்ஸ், அதாவது பாதம் முதல் நெஞ்சு வரை மூடுகிற, தண்ணீர் புகாத காற்சட்டை. தமிழில் எழுதினால் வில்லோடு வேடர் கூட்டம் வருவதுபோல் இருக்கிறது. ஆனாலும் கடையில் இந்தப் பெயரைச் சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள்.

எனக்கு வேடர்ஸ் கட்டாயம் தேவையா?

ஜூலை, ஆகஸ்டில் முழங்கால் ஆழத்தில் நிற்பதற்குத் தேவையில்லை. கெதியாய்க் காயும் அரைக்காற்சட்டையும் நல்ல பிடிப்புள்ள சப்பாத்தும் போதும். இறங்குதுறையிலோ கல் அணையிலோ நின்று எறிபவருக்கும் தேவையில்லை. செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு ஆற்றுக்குள் மணிக்கணக்கில் நிற்கப் போகிறீர்கள் என்றால் தேவை.

தொடை வரை, இடுப்பு வரை, நெஞ்சு வரை என்று மூன்று உயரங்களில் விற்பார்கள். நெஞ்சு வரை உள்ளதையே வாங்குங்கள். வெக்கையாக இருந்தால் அதை இடுப்புக்குச் சுருட்டிக் கட்டலாம். தொடை வரை உள்ளதை மேலே இழுக்க முடியாது. ஆற்றில் ஒரு குழிக்குள் கால் போனால் அதன் கதை முடிந்தது.

பிவிசி, நியோப்பிரீன், மூச்சுவிடும் துணி: எது அதிக காலம் உழைக்கும்?

உழைப்பு என்று மட்டும் பார்த்தால், நுரைபோன்ற செயற்கை றப்பரான நியோப்பிரீன், அதிலும் தடித்ததுதான் முரட்டு ஆள். 3.5 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் என்ற தடிப்புகளில் வரும். முள் குத்தினாலும் மறுபக்கம் போவது அரிது, ஒட்டுவதும் சுலபம். குளிர்காலத்தில் தாரா வேட்டைக்குப் போகிறவர்கள் இதை விடாமல் வைத்திருப்பது அதனால்தான். ஆனால் வியர்வைக்கு வெளியே போக வழியில்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து ஆற்றுக்கு அரை மணி நேரம் நடந்தால், தண்ணீரைத் தொடும் முன்னரே நனைந்துவிடுவீர்கள். உள்ளே நனைந்தபின் அதே ஈரம் குளிராக மாறும். ஒரே இடத்தில், ஐந்து பாகைக்குக் குறைந்த தண்ணீரில், அசையாமல் நிற்பவருக்கு மட்டும் இது சரி.

பிவிசி பூசிய நைலோன் மலிவு. மடிப்பு விழும் இடங்களில், குறிப்பாக முழங்காலின் பின்புறமும் கணுக்காலும், குளிரில் விறைத்து வெடிக்கும். வருடத்துக்கு நாலைந்து தடவை போகிறவருக்கும், மீன்பிடி பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்க விரும்புகிறவருக்கும் இது போதும்.

மற்ற எல்லாருக்கும் மூச்சுவிடும் துணி. வெளியே நைலோன் அல்லது பொலியெஸ்டர், நடுவில் மெல்லிய சவ்வு, உள்ளே மென்மையான துணி என்ற அடுக்கு. உள்ளேயுள்ள நீராவி சவ்வு வழியே வெளியேறும், வெளித் தண்ணீர் உள்ளே வராது. இந்தத் துணி தானாகச் சூடு தராது. சூடு தருவது உள்ளே போடும் உடுப்பு. ஏப்ரலில் கம்பளி நீள்காற்சட்டைக்கு மேல் தடித்த ஃபிளீஸ், செப்டெம்பரில் மெல்லியது ஒன்று மட்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரே வேடர்ஸ் எட்டு மாதத்துக்கும் உதவும் என்பதால்தான் காசுக்கு இது பெறுமதி. உள்ளே ஜீன்ஸ் போடாதீர்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காலைக் குளிர வைக்கும், தடித்த தையல்கள் உள்பக்கத்தையும் உரசும்.

நான்கு அடுக்கு, ஐந்து அடுக்கு என்று போட்டிருக்கிறதே. கூடினால் நல்லதா?

முழங்காலிலும் இருக்கையிலும் அடுக்குக் கூடினால் நல்லது. நெஞ்சுப் பகுதியில் கூடினால் பாரமும் விலையும்தான் கூடும். கால் பகுதிக்குத் தடித்த துணியும் மேற்பகுதிக்கு மெல்லியதும் வைத்துத் தைத்த வேடர்ஸ்தான் யோசித்துச் செய்யப்பட்டது.

அட்டையில் காணும் டெனியர் என்பது நூலின் பருமன்: 9,000 மீட்டர் நீள நூலின் எடை கிராமில். டெனியர் பெரிதென்றால் நூல் தடிப்பு, உரசலைத் தாங்கும். ஆனால் நெசவு ஐதாக இருந்தால் தடித்த நூலுக்கு இடையிலும் முள் நுழையும். விளம்பர அட்டையில் ஒரு எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அந்த எண்ணை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். துணியை இரண்டு விரலுக்கிடையில் உரசிப் பாருங்கள். நெருக்கமும் தடிப்பும் கைக்கே தெரியும்.

வேடர்ஸ் முதலில் எங்கே பழுதாகும்?

மூன்று இடங்கள்: கவட்டுத் தையல், முழங்கால், பாதம். இவற்றைப் பார்க்காமல் பொக்கெற் எத்தனை என்று எண்ணுவது வீண்.

கவட்டில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும் வேடர்ஸ் மலிவானவற்றில் நிறைய உண்டு. ஒவ்வொரு எட்டிலும் அந்தப் புள்ளி இழுபடும். அங்கே தனியாக ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்திருந்தால் இழுவை பரவிப்போகும், தையல் தாங்கும். கால்களின் உட்பக்கமாக மேலிருந்து கீழே ஓடும் தையலையும் பாருங்கள். நடக்கும்போது இரண்டு தொடையும் ஒன்றையொன்று உரசுவது சரியாக அந்தக் கோட்டில்தான். தையலை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி வைத்தவை அந்த உரசலிலிருந்து தப்பும்.

கடையிலேயே உட்புறத்தை வெளியே திருப்புங்கள். தையல் மேல் ஒட்டிய ரேப் (தண்ணீர் புகாமல் மூடும் பட்டி) ஒரே அகலத்தில், குமிழோ சுருக்கமோ இல்லாமல் ஓட வேண்டும். ஓரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினால் எழும்பக் கூடாது. எழும்பினால் அந்த வேடர்ஸை அப்படியே கொழுவிவிட்டு வாருங்கள்.

பாதம் காலுறைபோல் உள்ளதா, சப்பாத்து ஒட்டியதா?

காலுறை வகையில் நியோப்பிரீன் பாதம் மட்டும் இருக்கும், ஆற்றுச் சப்பாத்தைத் தனியாக வாங்கிப் போட வேண்டும். கணுக்காலுக்குப் பிடிப்பு, வழுக்கும் கல்லில் உறுதி, ஒன்று பழுதானால் ஒன்றை மட்டும் மாற்றும் வசதி எல்லாம் உண்டு. தூரம் நடப்பவருக்கு வேறு யோசனை வேண்டாம்.

சப்பாத்து ஒட்டிய வகையைச் சடாரென்று போடலாம். கயிறு உறைந்து கட்டியாகும் தொல்லை இல்லை. விரல்களைச் சுற்றிக் காற்றும் இருப்பதால் ஜனவரியில் கால் சூடாக இருக்கும். அதன் பலவீனம், றப்பர் சப்பாத்தும் துணியும் சேரும் வளையம். அங்கே வெடித்தால் பெரும்பாலும் முழுவதையும் எறிய வேண்டியதுதான். றப்பருக்கு ஓசோன் எதிரி. குளிர்பெட்டி, மின்மோட்டார் பக்கத்தில், மடிந்த நிலையில் மாதக்கணக்காக வைத்தால் மடிப்பில் வெடிப்பு ஓடும்.

காலுறை வகையில் பாதம் ஓட்டையாவதற்கு முதற்காரணம் மணல். சப்பாத்துக்குள் நுழைந்த மணல் ஒவ்வோர் எட்டிலும் அரத்தாள்போல் நியோப்பிரீனைத் தேய்க்கும். அதைத் தடுக்கத்தான் கணுக்காலில் ஒரு மடிப்பும் கொளுக்கியும் வைத்திருக்கிறார்கள். மடிப்பைச் சப்பாத்தின் மேல் இழுத்து, கொளுக்கியைக் கயிற்றில் மாட்டுங்கள். பலர் இதை அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். மாற்றும்போது வெறும் சரளைக் கல்லில் நியோப்பிரீன் பாதத்தோடு நிற்பதும் அதே அளவு கேடு. காரின் காலடி விரிப்பை எடுத்துக் கீழே போட்டு அதில் நின்று மாற்றுங்கள்.

எவ்வளவு காசு கொடுக்கலாம்?

ஏறத்தாழச் சொன்னால், கனடாவில் பிவிசி 120 டொலருக்குள், தொடக்கநிலை மூச்சுவிடும் துணி 200 முதல் 350, நடுத்தரம் 400 முதல் 650, அதற்கு மேல் ஆயிரத்தையும் தாண்டும். சப்பாத்துக்கு இன்னொரு 150 முதல் 250 வரை ஒதுக்குங்கள். ஒன்ராறியோவில் 13 வீதம் விற்பனை வரி சேரும். 600 டொலர் என்று தொங்கும் அட்டை காசு கட்டும்போது 678 ஆகும்.

விலையைப் பார்க்காமல் ஒரு நாள் செலவைக் கணக்கிடுங்கள். வருடத்துக்கு 20 நாள் போகிறவர், 250 டொலர் வேடர்ஸ் இரண்டு வருடம் தாங்கும் என்று வைத்தால் 40 நாள், நாளுக்கு 6.25 டொலர். 600 டொலர் வேடர்ஸ் ஐந்து வருடம் தாங்கினால் 100 நாள், நாளுக்கு 6 டொலர். செலவு கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் விலை கூடியதில் நனையாமல் நிற்கும் நாட்கள் அதிகம். வருடத்துக்கு ஆறே நாள் போகிறவருக்குக் கணக்கு தலைகீழ்: 600 டொலர், ஐந்து வருடத்தில் 30 நாள், நாளுக்கு 20 டொலர். அவருக்கு 250 டொலர் வேடர்ஸும் நல்ல கம்பளிக் காலுறை இரண்டு சோடியும் போதும்.

உத்தரவாதத் தாளையும் வாசியுங்கள். தையல் விடுவது, சவ்வு பிரிவது போன்ற தயாரிப்புக் குறையைத்தான் அவை வழக்கமாகப் பொறுப்பேற்கும். முள், கம்பிவேலி, தூண்டில் முள் குத்திய துளைகள் உங்கள் தலையில். காசுக்காவது திருத்திக் கொடுக்கும் நிறுவனமா என்று கேளுங்கள். திருத்தவே மாட்டோம் என்பவரின் ஆயிரம் டொலர் வேடர்ஸைவிட, திருத்தித் தருபவரின் ஐந்நூறு டொலர் வேடர்ஸ் மேல்.

முன்பக்க சிப் (zip) உள்ளதற்கு அவ்வளவு கூடுதல் கொடுக்கலாமா?

சிறுநீர் கழிக்க வசதி, போடக் கழற்ற வசதி. மறுக்க முடியாது. ஆனால் தண்ணீர் புகாத சிப் வேடர்ஸின் விலைகூடிய பாகங்களில் ஒன்று, அதை வீட்டில் திருத்தவும் முடியாது. மணலைக் கழுவி, பல்லுக்கு அதற்குரிய மசகை இடைக்கிடை பூசி, குறுக்காக மடிக்காமல் வைப்பவர் வாங்கலாம். இவ்வளவு பொறுமை இல்லாதவருக்கு வேண்டாம்.

அளவை எப்படிப் பார்ப்பது?

ஆற்றில் போடப்போகும் தடித்த உள்ளுடுப்பையும் காலுறையையும் கடைக்குக் கொண்டுபோங்கள். போட்டபின் ஒரு காலைக் கதிரையில் தூக்கி வையுங்கள். பிறகு முழுதாகக் குந்துங்கள். கவட்டில் இழுத்தால் அளவு சிறிது, அந்தத் தையல் ஒரு பருவத்தைத் தாண்டாது. தொடைகளுக்கிடையில் துணி தொங்கினால் அளவு பெரிது, உரசியே தேயும்.

வயிறு கொஞ்சம் முன்னுக்கு, கால் நீளம் குறைவு என்ற உடல்வாகு நம்மில் நிறைய. வயிற்றுக்காகப் பெரிய அளவை எடுத்தால் கால் பகுதியில் துணி மடிந்து கிடக்கும். பல நிறுவனங்கள் ஒரே அளவில் கட்டை, நடுத்தரம், நெட்டை என்றும், அகன்ற இடுப்புக்குத் தனியாகவும் தைக்கின்றன. அந்த அட்டவணையில் இடுப்பளவு, கால் உட்புற நீளம், சப்பாத்து அளவு மூன்றும் பொருந்துவதைத் தேடுங்கள். பெண்களுக்கென்று வெட்டியவையும் தனியே உண்டு. ஆண்களின் சிறிய அளவு அதற்கு ஈடாகாது.

நியோப்பிரீன் பாதம் பெரிதாக இருந்தால் சப்பாத்துக்குள் மடிந்து, அந்த மடிப்பிலேயே ஓட்டை விழும். ஆற்றுச் சப்பாத்தை வழக்கமான அளவைவிட ஒன்று கூட்டி எடுங்கள். விரல்களை உள்ளே அசைக்க முடியாவிட்டால் இரத்தம் ஓடாது, எத்தனை காலுறை போட்டாலும் கால் விறைக்கும்.

சப்பாத்தின் அடி: ஃபெல்ட்டா, றப்பரா?

பாசி படிந்த உருண்டைக் கல்லில் ஃபெல்ட் என்ற அமுக்கிய நார் அடி நன்றாகப் பிடிக்கும். களிமண் கரையில் வழுக்கும். பனியில் நடந்தால் அடியில் பனிக்கட்டி உருண்டையாகச் சேர்ந்து, குதிக்கால் உயர்ந்த சப்பாத்தில் நடப்பதுபோல் ஆகும். ஈரத்தோடு நுண்ணுயிர்களையும் அது ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குக் காவும். அதனால் நியூசிலாந்து 2008-இலும், மேரிலாந்து 2011-இலும், அலாஸ்கா 2012-இலும் ஃபெல்ட் அடியைத் தடைசெய்தன. வெளியூர்ப் பயணம் போகிறவர் அங்குள்ள விதியைப் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

கிரெடிட், ஹம்பர் பக்கம் தட்டையான களிப்பாறைப் படுக்கை உண்டு. வெறும் றப்பர் அடியோடு அதில் இறங்குவது எண்ணெய் ஊற்றிய தரையில் நிற்பதுபோல். றப்பர் அடியும் அதில் திருகிய டங்ஸ்டன் கார்பைட் ஆணிகளும் சேர்ந்தால் இந்த ஆறுகளுக்கும் பனிக்கும் ஏற்றது. ஆணிச் சப்பாத்தோடு மற்றவரின் வள்ளத்தில் ஏறாதீர்கள்.

உள்ளே ஈரமாக இருக்கிறது. ஓட்டையா?

அவசரப்பட வேண்டாம். இரண்டு காலிலும் ஒரே மாதிரி, பாதத்திலும் முழங்காலுக்குக் கீழும் பிசுபிசுப்பாக இருந்தால் அது வியர்வை. நியோப்பிரீன் பாதம் மூச்சுவிடாது, எனவே அங்கே எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும், ஒரே இடத்தில் ஆரம்பித்து, சில்லென்று கீழே வழிந்தால் ஓட்டை.

இன்னொன்றும் உண்டு. வெளித்துணியில் தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் ஊறி, துணி கறுத்து நின்றால் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது. சவ்வு நன்றாக இருந்தாலும் நீராவி வெளியேற வழியில்லாமல் உள்ளே பனிக்கும். கழுவி, புதிதாகப் பூச்சுத் தெளித்தால் சரியாகும்.

ஊசித்துளையைக் கண்டுபிடித்து ஒட்டுவது எப்படி?

கோர்டெக்ஸ் (Gore-Tex) என்ற பெயரில் வரும் சவ்வானால் வேடர்ஸை உட்புறம் வெளியே வரத் திருப்பி, 70 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோலைத் தெளியுங்கள். துளையுள்ள இடம் கருஞ்சாம்பல் புள்ளியாக உடனே தெரியும். ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்புக்குத் தள்ளிச் செய்யுங்கள். பொலியூரிதேன் சவ்வுகளில் இந்த முறை எப்போதும் வேலை செய்யாது. அவற்றுக்கு இருட்டறையில் உள்ளே ஒரு எல்ஈடி விளக்கை நகர்த்தி, வெளியே ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று பார்க்கலாம். நியோப்பிரீனுக்கும் பிவிசிக்கும் மேல்வாயைச் சுருட்டி இறுக்கி, காற்றை உள்ளே அடைத்து, சவர்க்கார நுரை பூசினால் குமிழ் எழும்பும்.

தண்ணீர் நிரப்பிப் பார்ப்பவர்கள் கெண்டைக்கால் அளவோடு நிறுத்துங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ. முழுக் காலையும் நிரப்பித் தொங்கவிட்டால், துளையைத் தேடப் போய் தையலைப் பிரித்துவிடுவீர்கள்.

ஒட்டும் முறை:

1. துளையைச் சுற்றி வட்டமிட்டு, அற்ககோலால் துடைத்து முற்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் பூசிய பசை உரிந்து வரும்.
2. அக்வாசீல் போன்ற யூரிதேன் பசையை உட்புறத்தில், துளையின் விளிம்பைத் தாண்டி அரை சென்ரிமீட்டர் வரை மெல்லியதாகப் பூசுங்கள். தடிப்பாய்ப் பூசினால் வளையும்போது ஓரம் எழும்பும்.
3. தட்டையாக வைத்து இரவு முழுவதும் விடுங்கள், குளிரான அறையென்றால் 24 மணித்தியாலம்.
4. ஒரு சென்ரிமீட்டருக்கு மேல் கிழிசல் என்றால், வெளியே ஒட்டுத்துணியை மூலை வட்டமாக வெட்டி ஒட்டி, உள்ளே பசை பூசுங்கள். கூர்மூலை சீக்கிரம் உரியும்.

ஆற்றங்கரையில் அவசரத்துக்கு, புறஊதா ஒளியில் இறுகும் பசை ரியூப் ஒன்று பொக்கெற்றில் இருக்கட்டும். வெயிலில் ஓரிரு நிமிடத்தில் இறுகும். நவம்பர் மூட்டத்தில் நேரம் எடுக்கும், ஒரு சிறு புறஊதா விளக்கு உதவும். திறந்த யூரிதேன் ரியூப்பை உறைபெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை அது கல்.

கழுவலாமா? எங்கே வைப்பது?

வேடர்ஸ் ஆற்றில் சாவதைவிடக் கார் டிக்கியில் சாவது அதிகம். ஈரத்தோடு சுருட்டி, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், சூட்டில் ரேப்பின் பசை இளகி விடும். பொலியூரிதேன் பூச்சும் சப்பாத்தின் நடு அடியும் வெப்பத்தோடு ஈரம் சேர்ந்தால் வேதியியல் முறையில் சிதையும். பூச்சு பிசுபிசுக்கும், அடி துகளாக உதிரும். அதற்குத் திருத்தம் கிடையாது.

வீட்டுக்கு வந்தவுடன் உட்புறத்தை வெளியே திருப்பி ஒரு நாள், பிறகு வெளிப்புறத்தை ஒரு நாள், நிழலில் காற்றில் தொங்கவிடுங்கள். நாலைந்து பயணத்துக்கு ஒருமுறை குளியல் தொட்டியில் குளிர்ந்த நீரும் நீர்புகா உடுப்புக்கான சவர்க்காரமும் போட்டுக் கையால் அலசுங்கள். சாதாரணச் சலவைத்தூளும் துணி மென்மையாக்கியும் மேற்பூச்சைக் கெடுக்கும். 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவிலும் நியூயோர்க்கிலும் உடுப்புகளில் பிஃபாஸ் (PFAS) என்ற, நீரையும் எண்ணெயையும் ஒட்டவிடாத இரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு வந்ததால், புதியவற்றில் அவை இல்லாத பூச்சுகள் வருகின்றன. அவை எண்ணெய் அழுக்கைத் தாங்குவது குறைவு, எனவே முன்னையதைவிட அடிக்கடி கழுவ வேண்டும்.

தண்ணீர் நிரம்பினால் வேடர்ஸ் ஆளைக் கீழே இழுக்கும் என்கிறார்களே?

தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரம் இல்லை, ஆகவே கல்லைப்போல் இழுக்காது. ஆபத்து வேறு. நிரம்பிய கால் நீரோட்டத்தில் பாய்போல் பிடிபடும், கரையேறும்போது அத்தனை லீற்றரும் கிலோவாக மாறும், குளிர் நீர் கையை விறைக்க வைக்கும். இடுப்புப் பட்டியை இறுக்கமாகக் கட்டினால் உள்ளே போகும் தண்ணீர் வெகுவாகக் குறையும். விழுந்தால் மல்லாந்து, கால் நீரோட்டத் திசையில் நீட்டி, கரைப்பக்கமாக மெல்ல நீந்துங்கள். நீரோட்டம் வேகமான இடத்தில் எழும்பி நிற்க முயலாதீர்கள், கால் கல்லிடுக்கில் சிக்கும். பட்டி இல்லாத வேடர்ஸை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

ஊருக்குக் கொண்டுபோனால் உதவுமா?

நுவரெலியா மலைகளிலும் நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கத்திலும் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் உண்டு. அங்கே அதிகாலைக் குளிருக்கு மெல்லிய மூச்சுவிடும் துணி உதவும். சமவெளிக்கும் களப்புக்கும் வேண்டாம், வெக்கையில் வெந்துவிடுவீர்கள். அங்கேயே விட்டுவிட்டு வருவதானால் இறுக்கிய பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், அடுத்த விடுமுறைக்குள் பூச்சு ஒட்டிப் போயிருக்கும்.

பழையதை வாங்கலாமா? என்னுடைய பழையதை என்ன செய்வது?

உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். பிசுபிசுப்பு, புளித்த மணம், ரேப் எழும்பல் இருந்தால் இலவசம் என்றாலும் வேண்டாம். இரண்டு மூன்று ஒட்டு மட்டும் இருந்து, கவடும் பாதமும் நன்றாக இருந்தால் புதியதின் மூன்றிலொரு விலை வரை கொடுக்கலாம்.

உங்களுடையது திருத்த முடியாத நிலைக்கு வந்தால் முழங்காலுக்குக் கீழே வெட்டுங்கள். நல்ல துணித் துண்டுகள் அடுத்த வேடர்ஸுக்கு ஒட்டுத்துணி ஆகும். இடுப்புப் பட்டியையும் தோள்பட்டிக் கொளுக்கிகளையும் கழற்றி எடுத்து வையுங்கள், புதியதில் பிளாஸ்ரிக் கொளுக்கி உடைந்தால் உதவும்.